நின்ற கோலம், கிடந்த கோலம்

பினாங்குக் கடலில் கிடைத்த கடற்குதிரை ஒன்றுக்கு 1849இல் அறிவியல் பெயர் வைத்தவர் தியோடோர் கேண்டர். டென்மார்க்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மீனும் பாம்பும் பல்லியுமாகச் சேகரித்துக்கொண்டிருந்தவர். மலாயா மீன்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட பட்டியல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியானது. ஹிப்போகேம்பஸ் கோமெஸ் என்று அதில் அவர் பதிந்த மீனை இன்று புலிவால் கடற்குதிரை என்கிறோம். அதன் வாலில் மஞ்சளும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை போட்டிருக்கும்.

பட்டியலில் பினாங்கு என்றிருந்தாலும் அது கெடாவின் கடல்தான். 1786இல் கம்பெனிக் கொடி ஏறும்வரை தீவே கெடா சுல்தானுடையது. மெர்போக் ஆறு கடலில் கலக்கும் தஞ்சோங் டாவாயில் நின்றால் பின்னால் ஜெராய் மலை, தெற்கே பினாங்குக் குன்றுகள். ராஜேந்திர சோழனின் கப்பல்கள் 1025இல் தேடி வந்த கடாரத்துக் கரை இது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி, பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம் ரப்பர் தோட்டங்களுக்குப் பிரிந்து போனதும் இந்தக் கடலைத் தாண்டித்தான்.

கேண்டர் பெயர் வைத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலான பிறகு, 2016 டிசம்பரில், அதே புலிவால் கடற்குதிரையின் முழு மரபணுத் தொகுப்பு ‘நேச்சர்’ இதழில் வந்தது. சீனாவின் லின் சியாங், ஜெர்மனியின் ஆக்செல் மேயர், சிங்கப்பூரின் பைரப்பா வெங்கடேஷ் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து செய்த வேலை. அவர்கள் கண்டவற்றில் முக்கியமான ஒன்று, ஒரு மரபணு இல்லாமல் போயிருந்தது. டிபிஎக்ஸ்4 என்ற அந்த மரபணு மற்ற மீன்களில் இடுப்புத் துடுப்பை உருவாக்குகிறது. நமக்குக் கால் முளைப்பதில் பங்கு வகிப்பதும் அதுவே. கடற்குதிரைக்கு இடுப்புத் துடுப்பு கிடையாது. ஆய்வாளர்கள் வரிக்குதிரை மீனில் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். அதற்கும் இடுப்புத் துடுப்பு வளரவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவில் வேறொரு குழு, மெக்சிகோ வளைகுடாவில் வாழும் குழல்மீன் ஒன்றின் மரபணுத் தொகுப்பைப் படித்தது. அதிலும் டிபிஎக்ஸ்4 இல்லை.

செய்தித்தாள்களில் கடற்குதிரையின் படம் வந்தது. குழல்மீனின் படம் வரவில்லை.

எப்போதும் அப்படித்தான். சிறுவர் புத்தகம், கோப்பை, கழுத்துச் சங்கிலி, மீன் காட்சியகத்தின் விளம்பரப் பலகை, எங்கும் கடற்குதிரை. அதன் குடும்பமான சிங்நாத்திடேயில் ஏறத்தாழ முந்நூறு இனங்கள் இருக்கின்றன. கடற்குதிரைகள் ஐம்பதுக்கும் குறைவு. மிச்சத்தில் மிகப் பெரும்பாலானவை குழல்மீன்கள். குச்சிபோல் நீண்ட உடல். செதிலுக்குப் பதில் எலும்பு வளையங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்த கவசம். நுனியில் மட்டும் திறக்கும் குழாய்போன்ற வாய். அந்த வாயில் பல் இல்லை, வயிற்றுக்குள் இரைப்பை இல்லை. இந்த வரிகளில் ‘குச்சிபோல் நீண்ட’ என்பதை மட்டும் எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் கடற்குதிரைக்கும் அப்படியே பொருந்தும். இரண்டையும் உறவினர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம். அது உண்மையைக் குறைத்துச் சொல்வது. கடற்குதிரை குழல்மீன் குலத்துக்குள்ளே பிறந்த ஒரு கிளை. குழல்மீன்தான், நிமிர்ந்த குழல்மீன்.

கார்ல் லின்னேயசுக்கு இது கண்ணிலேயே தெரிந்திருக்கிறது. 1758இல் அவர் கடற்குதிரைக்கு வைத்த பெயர் சிங்நாத்தஸ் ஹிப்போகேம்பஸ். சிங்நாத்தஸ் குழல்மீன்களின் பேரினம். கடற்குதிரையை அவர் அந்த வீட்டிலேயே ஓர் அறையில் வைத்தார். 1810இல் ரஃபினெஸ்க் என்பவர் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். பிரித்ததில் பிழையில்லை, ஆனால் பிரித்தபின் இரண்டும் இரண்டு வகை என்ற எண்ணம் பொதுப்புத்தியில் உறைந்துவிட்டது. டிஎன்ஏவை வைத்து வரைந்த குடும்ப மரம் லின்னேயஸ் பக்கம் சாய்கிறது. குழல்மீன் குலம் முதலில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையில் வயிற்றுப்பக்கம் முட்டை சுமப்பவை. மறு கிளையில் பெரும்பாலும் வாலடியில் சுமப்பவை. கடற்குதிரைகள் இரண்டாவது கிளைக்குள் இருக்கின்றன. ஐரோப்பியக் கரையில் ஒரே கடற்புல் திட்டில் இரண்டு குழல்மீன்கள் பக்கத்தில் பக்கத்தில் மேயும். பார்க்க அண்ணன் தம்பி போலிருக்கும். அவற்றில் சிங்நாத்தஸ் வகைக்கு நெருங்கிய சொந்தம், பக்கத்திலிருக்கும் நெரோஃபிஸ் குழல்மீன் அல்ல, பினாங்கில் கேண்டர் பார்த்த கடற்குதிரை.

ஏன் நிமிர்ந்தது என்ற கேள்விக்கு நிலவியலிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. பீட்டர் டெஸ்கே, லூசியானோ பெஹெரெகரை என்ற இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, கடற்குதிரைகள் தம் மிக நெருங்கிய சொந்தமான குள்ளக் குழல்குதிரைகளிடமிருந்து ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டது. ஆஸ்திரேலியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் இடைப்பட்ட கடலில் நிலத்தட்டுகள் நெருங்கி, ஆழமற்ற நீர்ப்பரப்பு விரிந்து, கடற்புல் வெளிகள் பெருகிய காலம் அது. கடற்புல்லின் இலைகள் செங்குத்தாக நிற்பவை. அவற்றினிடையே கிடையாக நீந்தும் உடல் கண்ணில் படும். நிமிர்ந்து நிற்கும் உடல் இலையோடு இலையாகிவிடும். புதைபடிவங்களும் இதற்கு ஒத்துப்போகின்றன. இத்தாலியின் போல்கா மலையில் ஐந்து கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறையில் குழல்மீன் குடும்பத்தார் கிடைக்கிறார்கள். இதுவரை கிடைத்ததில் மிகப் பழைய கடற்குதிரை ஸ்லோவேனியாவில். வயது ஏறத்தாழ ஒரு கோடியே முப்பது லட்சம் ஆண்டு.

பெருமாள் கோயில்களில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று மூன்று காட்சி உண்டு. மூன்றிலும் சாமி ஒருவர்தான். இந்தக் குடும்பத்தைப் பார்க்கையில் அந்த நினைப்பு வராமல் போகாது. கிடந்த கோலத்தில் குழல்மீன், நின்ற கோலத்தில் கடற்குதிரை, நடுவில் குள்ளக் குழல்குதிரை. இதன் உடல் ஏறத்தாழக் கிடையாக இருக்கும். தலை லேசாகக் கவிழ்ந்திருக்கும். வால் மட்டும் பற்றிக்கொள்ளப் பழகியிருக்கும். உருவமும் மிகச் சிறியது. 2021இல் நியூசிலாந்தின் வடகரையில் இவ்வகையில் ஒரு புதிய பேரினமே அடையாளம் காணப்பட்டது. சிலிக்ஸ் டுபாரியோமனையா என்ற அதன் பெயரில் இரண்டாம் பாதியைக் கொடுத்தவர்கள் அந்தக் கரையின் மாவோரி மூத்தோர்.

நிமிர்ந்ததால் கடற்குதிரைக்கு ஒரு நட்டமும் ஒரு லாபமும். நட்டம் வேகம். வால்துடுப்பைக் கைவிட்டு, முதுகிலிருக்கும் சின்னத் துடுப்பை விநாடிக்குப் பல பத்துத் தடவை படபடத்து நகரும் மீன் எதையும் துரத்திப் பிடிக்க முடியாது. லாபம் கழுத்தில் இருக்கிறது. இந்தக் குடும்பம் முழுவதற்குமே இரை பிடிக்கும் முறை ஒன்றுதான். கழுத்துப் பின்னாலிருக்கும் தசைநாண்கள் இழுபட்டு விசையைச் சேமித்து வைத்திருக்கும். இரை வாய்க்கு மேலே வந்ததும் விசை விடுபட்டுத் தலை மேல்நோக்கிச் சொடுக்கும்; அதே கணம் குழாய்வாய் நீரையும் இரையையும் சேர்த்து உறிஞ்சும். எல்லாம் சில மில்லி விநாடிக்குள். பெல்ஜியத்தின் சாம் வான் வாசன்பெர்க்கும் சகாக்களும் 2011இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்: வளைந்த கழுத்திலிருந்து தலை சொடுக்கும்போது வாய் மேலே போவதோடு முன்னாலும் போகிறது. ஆகவே, நேராகக் கிடக்கும் குழல்மீனுக்கு எட்டாத தூரத்திலிருக்கும் இரை கடற்குதிரைக்கு எட்டுகிறது. நீந்திப் போய்ப் பிடிப்பவன் குழல்மீன், வாலால் புல்லைப் பற்றிக்கொண்டு நின்ற இடத்தில் காத்திருப்பவன் கடற்குதிரை. குதிரைமுகம் வந்தது அழகுக்கல்ல, பசிக்கு.

அந்த வாலையும் சும்மா விடவில்லை. பெரும்பாலான விலங்குகளின் வால் குறுக்குவெட்டில் வட்டம். கடற்குதிரையின் வால் சதுரம். வளையம் ஒவ்வொன்றும் நான்கு தகடுகளால் ஆனது. மைக்கேல் போர்ட்டரின் குழு 2015இல் சதுர வாலையும் வட்ட வாலையும் முப்பரிமாணத்தில் அச்சிட்டு நசுக்கியும் முறுக்கியும் பார்த்தது. நசுங்கினால் சதுரத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, பிறகு பழைய இடத்துக்கே திரும்பின. பற்றும்போதும் வட்டத்தைவிடச் சதுரத்துக்கே அதிகப் பிடிப்பு.

ஆனால் பற்றும் வால் கடற்குதிரையின் தனிச்சொத்து அல்ல. முதலைக் குழல்மீன் என்று ஒன்றிருக்கிறது, சிங்நாத்தாய்டெஸ் பையாகுலேட்டஸ். கடற்புல்லின் அதே பச்சை. ஒரு சாண் தாண்டி வளரும். அதற்கும் வால்துடுப்பு இல்லை, வால் நுனி சுருண்டு புல்லைப் பிடிக்கும். பார்ப்பவர் இதுதான் கடற்குதிரைக்கு முந்தைய படி என்று சொல்லிவிடுவார்கள். அப்படியல்ல. பற்றும் வால் இந்தக் குடும்பத்தில் ஒரு தடவைக்கு மேல், தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. முதலைக் குழல்மீனின் ஆணுக்குப் பை கிடையாது. முட்டைகள் வயிற்றின்மேல் வெளியே ஒட்டியிருக்கும். வாலில் கடற்குதிரையை ஒத்தது, பையில் அதற்கு வெகுதூரம். இந்த மீன் பாக் நீரிணையின் கடற்புல்லிலும் உண்டு, மலாயாக் கரையின் கடற்புல்லிலும் உண்டு. கப்பலேறி வந்தவர்கள் விட்டுவந்த கடலிலும் வந்து சேர்ந்த கடலிலும் ஒரே மீன்.

பையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் குடும்பத்தின் கதை நகராது. பிள்ளை சுமப்பது தகப்பன். அரிஸ்டாட்டில், பிரசவ காலத்தில் வயிறு பிளந்து முட்டை வெளிவரும் மீன் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அது குழல்மீன் என்பது அறிஞர்கள் கருத்து. அதைப் பெண் என்றே அவர் கொண்டார். சுமப்பது ஆண் என்பதை 1831இல் சுவீடனின் எக்ஸ்ட்ரோம் நிறுவும்வரை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் போயிற்று. எக்ஸ்ட்ரோம் அதைப் பார்த்ததும் குழல்மீனில்தான்.

கடற்குதிரையின் மூடிய பை எப்படி வந்தது என்பதைக் கடற்குதிரையை மட்டும் வைத்துக்கொண்டு ஒருநாளும் விளங்கிக்கொள்ள முடியாது. குழல்மீன்களை வரிசையாகப் பார்த்தால்தான் தெரியும். நெரோஃபிஸ் ஆண் முட்டைகளை வயிற்றுத் தோலில் வெறுமனே ஒட்டிவைத்துக்கொள்கிறது. வேறு சிலவற்றில் இருபுறமும் தகடு எழும்பி ஓரளவு காக்கிறது. சிங்நாத்தஸில் இரண்டு தோல்மடிப்புகள் நடுவில் சந்தித்து முட்டைகளை மூடுகின்றன. கடற்குதிரையில் மடிப்பு முழுவதும் இணைந்து, மேலே சின்ன வாயுள்ள பையாகிவிட்டது. கமிலா விட்டிங்டனின் ஆய்வுக்குழு அந்தப் பைக்குள் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று 2015இல் பட்டியலிட்டது. கொழுப்பும் கால்சியமும் கொண்டுசெல்பவை, கழிவை அகற்றுபவை, கிருமி தடுப்பவை. தாய்மார் கருப்பையில் நடப்பதில் பாதி அங்கே நடக்கிறது.

கருவில் பாதி மரபணு வேறொருவருடையது. அந்நியத்தை விரட்டுவது உடலின் இயல்பு. அதை விரட்டாமல் சுமப்பது எப்படி? இதற்குப் பதிலும் குழல்மீனிடமிருந்து கிடைத்தது. ஐரோப்பாவின் சிங்நாத்தஸ் டைஃபிளில், முதுகெலும்பிகள் அனைத்துக்கும் ஆதாரம் என்று கருதப்பட்ட ஒரு நோயெதிர்ப்பு ஏற்பாடே காணவில்லை என்று 2013இல் தெரியவந்தது. கடற்குதிரைகளில் அந்த ஏற்பாட்டின் ஓர் உறுப்பு மாறிப்போயிருக்கிறது. ஒலிவியா ரோத்தின் குழு 2020இல் குடும்பம் முழுவதையும் ஒப்பிட்டு, பிள்ளை சுமப்பதற்கும் இந்த இழப்புக்கும் தொடர்பிருப்பதைக் காட்டியது. பிள்ளைக்காகத் தகப்பன் தன் காவலைத் தளர்த்தியிருக்கிறான்.

தகப்பன் என்றதும் உருகிவிடுபவர்களுக்குக் குழல்மீன் வேறு முகமும் காட்டும். மெக்சிகோ வளைகுடாக் குழல்மீனின் ஆண், பெரிய பெண் கொடுத்த முட்டைகளை நன்றாக வளர்க்கிறது. சிறிய பெண்ணின் முட்டைகளுக்குக் குறைவாகச் செலவிடுகிறது. கிம்பர்லி பக்சோல்டும் ஆடம் ஜோன்ஸும் 2010இல் வெளியிட்டது இது. அதே ஆண்டில் சுவீடனில் இன்னொரு ஆய்வு, பைக்குள்ளிருக்கும் கருக்களிலிருந்து தகப்பனே சத்தை உறிஞ்சிக்கொள்வதுண்டு என்று காட்டியது. இந்த வகைக் குழல்மீன்களில் பெண்கள் பளிச்சென்ற கோலத்தில் போட்டிபோடுகிறார்கள், ஆண்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கடற்குதிரைகளில் நிலைமை வேறு. பையில் பிள்ளை சுமப்பதில் அவை எல்லாரையும் மிஞ்சியவை. ஆனால் பெண்ணுக்காகப் போட்டிபோடுவது ஆண்தான். அமாண்டா வின்சென்ட் ஆஸ்திரேலியக் கரையில் கவனித்த வகையில், ஜோடி காலைதோறும் சந்தித்து நிறம் மாறி, ஒரே புல்லைப் பற்றிச் சுற்றிவந்துவிட்டுப் பிரியும். மெதுவாக நகரும், அடர்த்தியில்லாமல் சிதறி வாழும் மீனுக்குத் துணையை இழந்தால் மறுபடி தேடுவது பெரும்பாடு. நிமிர்ந்து நின்றதன் விளைவுகளில் இதையும் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது.

கடற்குதிரை கடலோடு நின்றுவிட்டது. கழிமுகங்களின் உப்புநீர்வரை சில இனங்கள் வரும். நன்னீரில் குடியேறியது ஒன்றுகூட இல்லை. குழல்மீன் ஆறேறிப் போனது.

தோட்டத்து ஓடையில் கைவலை போட்டுச் செப்பாட்டும் விராலும் பிடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்கலாம்: மலாயாத் தீபகற்பத்தின் ஆறுகளில் கடற்குதிரையின் சொந்தக்காரர்கள் வாழ்கிறார்கள். டோரிக்திஸ் என்ற பேரினம். அதில் டோரிக்திஸ் போஆஜா ஏறத்தாழ 40 செ.மீ. வரை வளரும், உலகின் பெரிய நன்னீர்க் குழல்மீன்களில் ஒன்று. பட்டேவியாவில் இருந்த டச்சு ராணுவ மருத்துவர் பீட்டர் பிளீக்கர் 1850களை ஒட்டி விவரித்த நூற்றுக்கணக்கான மீன்களில் அதுவும் சேர்ந்தது. சிங்கப்பூரில் கிடைத்ததை வைத்து 1852இல் ஹிப்போகேம்பஸ் குடா என்ற கடற்குதிரைக்குப் பெயர் கொடுத்தவரும் அவரே. டோரிக்திஸ் மார்ட்டென்சீ இன்னும் சிறியது. காட்டு ஓடைகளில், கரையோர வேரும் சருகும் பின்னிக் கிடக்கும் தெளிந்த நீரில் இருக்கும். வலையில் வந்தாலும் குச்சியென்று உதறிப்போட்டுவிடக் கூடியது. கழிமுகத்தில், கண்டல் வேர்களுக்கிடையில் வாழ்வது வேறொன்று, இக்தியோகேம்பஸ் கார்சே. கங்கை மீன்களைப் பற்றி 1822இல் எழுதிய ஃபிரான்சிஸ் ஹாமில்டன் விவரித்தது. இந்தியாவிலிருந்து இந்தோனேசியாவரை அதன் இருப்பிடம் நீளும்.

டோரிக்திஸ் வயிற்றடியில் முட்டை சுமக்கும் முதல் கிளையைச் சேர்ந்தது. கடற்குதிரைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம். ஆனாலும் அதே குழாய்வாய், அதே பல்லில்லாமை, அதே தகப்பன் சுமை. உயிருள்ள, மிகச் சிறிய இரை இடைவிடாமல் கிடைத்தாக வேண்டும் என்பதும் அதே. இரைப்பை இல்லாத மீனுக்குச் சேமித்து வைத்துத் தின்னும் வசதி கிடையாது. நீர் கலங்கினால் இரை தெரியாது. கரை மரம் போனால் வேரும் சருகும் போய், ஒளிவிடமும் இரையின் உணவும் சேர்ந்து போகும்.

ஆற்றின் ஓட்டத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. கிழக்குக் கேப் மாநிலத்தின் சில கழிமுகங்களில் மட்டும் வாழும் சிங்நாத்தஸ் வாட்டர்மேயரி என்ற குழல்மீனை 1990களின் நடுவில் அழிந்துபோன இனம் என்றே அறிவித்தார்கள். சில ஆண்டுகளில் சிறு கூட்டமாக மறுபடி தென்பட்டது. இன்றும் அழிவின் விளிம்பில்தான். மேலே அணை கட்டி நீரைத் திருப்பியதால் மழைவெள்ளம் கழிமுகத்துக்கு வருவது குறைந்தது. வெள்ளத்தோடு வரும் சத்தும் அதை நம்பிப் பெருகும் நுண்ணுயிர்களும் குறைந்தன. குழாய்வாய்க்கு இரை இல்லாமல் போனது. மூடா, பெடு அணைகளை 1970 வாக்கில் கட்டி முடித்து நாட்டின் நெற்களஞ்சியமாகிய கெடாவில் இந்தக் காரணகாரியத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும், கழிமுகத்துக்கும் வேண்டும்.

கடலில் ஆபத்து இழுவலை. அது கடற்குதிரை தேடிப் போவதில்லை. இறாலுக்கும் மீனுக்கும் அடிமண்ணை வாரும்போது எல்லாம் சேர்ந்து வருகிறது. கெடாத் துறைகளில் ஈக்கான் பாஜா, ராமநாதபுரத்துத் துறைகளில் சங்காயம். இரண்டு ஊரிலும் விலைபோகாத சிறு மீன் குவியல் தீவனத்துக்கும் எருவுக்கும் போகிறது. கடற்குதிரையை மட்டும் பொறுக்கித் தனியே காயவைப்பார்கள், காரணம் சீன மருத்துவம். அங்கே கடற்குதிரைக்கு ஹைமா, குழல்மீனுக்கு ஹைலோங். இரண்டும் காய்ந்த மருந்து, இரண்டையும் ரசத்திலும் மதுவிலும் போடுவார்கள். மருத்துவக் கடை அலமாரியில் குடும்பம் பிரியவில்லை.

சட்டத்தில் பிரிந்துவிட்டது. 2002 நவம்பரில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் கூடிய, காட்டுயிர் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தமாகிய சைட்டீஸின் மாநாடு கடற்குதிரை இனங்கள் அனைத்தையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2004 மே மாதம் அமலுக்கு வந்தது. கடல்வாழ் மீன் வணிகத்தைக் கேள்வி கேட்ட அரிய முடிவு அது. அதற்காக 1996 முதல் உழைத்த ‘புராஜெக்ட் சீஹார்ஸ்’ அமைப்பையும் வின்சென்டையும் எவ்வளவு பாராட்டினாலும் தகும். தாய்லாந்து உலகின் மிகப்பெரிய கடற்குதிரை ஏற்றுமதி நாடாக இருந்து, பின்னர் 2016இல் ஏற்றுமதியை நிறுத்திவைத்ததும் இந்த ஒப்பந்தத்தின் அழுத்தத்தால்தான். ஆனால் பட்டியலில் இருப்பது ஹிப்போகேம்பஸ் என்ற ஒரே பேரினம். அதே வலையில், அதே குவியலில், அதே அலமாரியில் உள்ள குழல்மீனுக்கு அந்த ஒப்பந்தத்தில் இடமில்லை.

இந்தியா வேறு வழியில் போனது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடற்குதிரை என்ற தலைப்பின்கீழ் சிங்நாத்திடே குடும்பம் முழுவதையும் சேர்த்தது. ஆஸ்திரேலியாவும் குடும்பத்தை முழுதாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. லின்னேயசும் டிஎன்ஏவும் சொல்வதோடு ஒத்துப்போகும் சட்டங்கள் இவை. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தடை வந்தபிறகும் தொண்டியிலும் மண்டபத்திலும் இழுவலை கடலுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது. லட்சக்கணக்கில் கடற்குதிரைகள் வலையில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. கையில் வைத்திருந்தால் குற்றம் என்பதால் வியாபாரம் மறைவாகப் போயிற்று. வலை விழும் இடத்தைக் காக்காமல் வலையில் விழுந்ததைக் காக்க முடியாது. அந்த வகையில், பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கென்று தமிழ்நாடு 2022இல் ஒதுக்கியது குழல்மீனுக்கும் நல்ல செய்தி. கடற்பசு மேயும் புல்தான் அதற்கும் வீடு.

மலேசியாவில் கரையோரத்தை இழுவலைக்கு மூடும் மண்டல விதி 1980களிலிருந்து இருக்கிறது. விதி காப்பது சிறு படகுக்காரர்களின் பிழைப்பை. கூடவே கடற்புல்லையும் கண்டல் வாயிலையும். ஜொகூரின் பூலாய் ஆற்று முகத்தில் சூ சீ குவாங் தொடங்கிய ‘சேவ் அவர் சீஹார்ஸஸ்’ குழுவினர் தன்னார்வலர்களைக் கூட்டிக்கொண்டு, நீர் வற்றும் வேளையில் கடற்புல்லில் நடந்து கடற்குதிரைகளை அளந்து குறித்து மறுபடி விடுவதை வழக்கமாக்கினார்கள். அந்த வேலைக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. பினாங்குக் கால்வாயின் நடுத்திட்டுக் கடற்புல், லங்காவியின் அடங்கிய குடாக்கள், மெர்போக் கண்டல் ஆகிய இடங்களில் அதையே செய்ய கெடாவின் பள்ளி இயற்கைக் கழகங்களுக்கு முடியும். எண்ணும்போது குச்சிபோல் கிடப்பதையும் எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

ஓடைக்கு வழி இன்னும் எளிது. கெடாத் தோட்டங்களில் ரப்பர் வெட்டிச் செம்பனை நட்டது இரண்டு தலைமுறைக் கதை. பல இடங்களில் மரத்தை ஓடையின் விளிம்புவரை நட்டார்கள். இன்று களைக்கொல்லியும் உரமும் மழைக்கு நேரே நீரில் இறங்குகின்றன. மலேசிய வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியில் ஆற்றோர ஒதுக்குநிலத்துக்கு அளவு இருக்கிறது. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இருகரையிலும் 50 மீட்டர். 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு 5 மீட்டர். தோட்டத்து ஓடைகள் பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. செம்பனையை மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். அதாவது கரையோரம் ஒரே ஒரு வரிசையை விட்டுக்கொடுத்தால் ஒதுக்குநிலம் கிடைத்துவிடும். அங்கே தானே முளைக்கும் செடியின் வேர் நீருக்குள் இறங்கும். தோட்டத்தில் செம்பனை பலன் தரும் காலம் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு. பல தோட்டங்களில் பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும் காலம் இது. குழி தோண்டுவதற்கு முன் கயிறு பிடித்து வரிசை குறிக்கிறார்களே, அப்போதே ஓடைக்கரை வரிசையை விட்டுவிடலாம்.